கைப்பிடி உடைந்த கோப்பை

கௌதம் நகரில் மூன்றாம் மாடி.
ஜனவரிக் குளிரில் கரண்ட் போன இரவு.
நாளை மாலை ஐந்து மணிக்குள்
விருப்பப் பட்டியலைப் பூட்டிவிட வேண்டும்.
அதற்குப் பின் எதையும் மாற்ற முடியாது.

எப்படி ஒதுக்குகிறார்கள் என்று
நாலு டாக்டர்களில் மூன்று பேருக்குத் தெரியவில்லை.
ரின்புயி ஐந்து டீக் கோப்பைகளைத் தரையில் வைத்தாள்.
இவை ஆஸ்பத்திரிகள்.
இதில் மூன்று இடம், இதில் இரண்டு,
கைப்பிடி உடைந்ததில் ஒன்றே ஒன்று:
ரிங் ரோட்டோரம், குழந்தை மருத்துவம்.

நாங்கள் வேர்க்கடலை.
தில்லிக் குளிரில் அதுதான் மலிவு.
ஓட்டின் மேல் பேனாவால் ரேங்க் எழுதினோம்.

கடலை, தான் முதலில் எழுதிய கோப்பைக்குப் போகும்.
இடமிருந்தால் உள்ளே.
உள்ளே என்றால் உட்கார்ந்துவிட்டதாக அர்த்தமில்லை,
குந்தியிருக்கிறது, அவ்வளவுதான்.
அதைவிட நல்ல ரேங்க் வந்து நின்றால்
எழுந்துபோய்த் தன் பட்டியலின் அடுத்த வரியைப் பார்க்கும்.
போன இடத்தில் இன்னொன்றை எழுப்பும்.
அந்த இன்னொன்று மற்றொன்றை.

செல்போன் வெளிச்சத்தில் கடலைகள்
கோப்பை மாறிக்கொண்டே இருந்தன.
பதினெட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டை
ரிதுபர்ணா ஞாபகமில்லாமல் தின்றுவிட்டாள்.
கல்யாணமாகிப் போய்விட்டாள் என்று வைத்துக்கொள்,
என்று சிரித்தாள் ஷகுஃப்தா.

எதுவும் நகராதபோது நிறுத்தினோம்.
இப்போது எந்தக் கடலையாவது
அந்தக் கோப்பைக்குப் போயிருக்கலாமே என்று முனகினால்
உன்னைவிட மேலான ரேங்க் என்னிடம் இருக்கிறது
என்று கோப்பை பதில் வைத்திருக்கும்.
மேல்முறையீடு கிடையாது.
பத்தில் ஒன்பதைத் தள்ளிவிட்டு
ஒன்றை மட்டும் பார்க்கிற பொருத்தம்.

தந்திரம் வேண்டாம் என்றாள் ரின்புயி.
கிடைக்காது என்று பயந்து எதையும் கீழே இறக்காதீர்கள்.
ஆசைப்பட்டதற்கு இந்தக் கணக்கில் அபராதம் இல்லை.
இயந்திரத்திடம் பொய் சொன்னால் நஷ்டம் நமக்கு.

இயந்திரத்திடம் நான் சொல்லவில்லை.

ஷகுஃப்தாவின் தம்பி லஜ்பத் நகரில்
காது கேளாதோர் பள்ளியில் ஏழாவது படிக்கிறான்.
ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே வருவான்.
என் பெயருக்கு விரலால் ஒரு ஜாடை வைத்திருக்கிறான்:
மூக்குக் கண்ணாடியைத் தள்ளிவிடுவது போல.
அவனுக்காகத்தான் அவளுக்கு ரிங் ரோடு.
எனக்குக் காரணம் எதுவும் இல்லை.
வேண்டும், அவ்வளவுதான்.
காரணம் எழுத அந்தப் பக்கத்தில் கட்டமும் கிடையாது.

நீ பெங்களூர்தானே முதலில் போட்டிருக்கிறாய் என்று கேட்டாள்.
இருட்டில் தலையாட்டினேன்.
அவள் பார்த்தாளா, தெரியாது.

முடிவு வந்த மதியம்
பிடிஎஃப் திறக்க நாற்பது நிமிடம் சுற்றியது.
ரேங்க் வரிசைப்படி நாடே படிக்கலாம்.
ஒன்பதாயிரத்து முந்நூற்று ஆறு: நான், ரிங் ரோடு.
விரலைக் கீழே இழுத்தால்
ஒன்பதாயிரத்து முந்நூற்றுப் பதினாலு: ரோத்தக்.

அவள் எதுவும் கேட்கவில்லை.
எட்டு, என்றாள்.
அப்புறம், கெட்டிலை நீயே வைத்துக்கொள்,
அந்த ஹாஸ்டலில் ப்ளக் எரிந்துவிடுமாம், என்றாள்.

இரண்டாம் சுற்று இருக்கிறது.
யாராவது மேலே ஏறினால் அவர்கள் இடம் காலியாகும்,
அதில் ஒருவர், அவர் இடத்தில் இன்னொருவர்.
என் இடம் காலியாகாது.
எனக்குத் தெரியும், இயந்திரத்துக்கும் தெரியும்.

சனிக்கிழமை ஐந்து கோப்பைகளையும் கழுவிக் கவிழ்த்தேன்.
போகிறபோது ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள்.
கைப்பிடி உள்ள ஒன்று மிச்சமிருந்தது.
நான் மற்றதில்தான் டீ ஊற்றிக் குடிக்கிறேன்.
சுடத்தான் செய்கிறது.
இரண்டு கையாலும் பிடித்திருக்கிறேன்.